நான் கழித்த மூன்று பாகை

1

சென்ற செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குப்பைக்கூடைகளை வெறுமையாக்கிக்கொண்டு போனபோது, சீக்ரிட் தன் அறைக்குள் இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். சீக்ரிட் ஒரு காலநிலை விஞ்ஞானி. நான் அந்த மாடியைத் துடைப்பவன். நோர்வேயில் இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கோப்பி குடிப்பார்கள், ஒருவரையொருவர் "நீ" என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடமாகியும் எனக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேசையில் என் பதிவேடு விரிந்து கிடந்தது. விசுவமடுவுக்குக் கிட்ட ஓர் அரசாங்க விதைப் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில், நாளுக்கு இரண்டு தரம் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்து நான் எழுதிய பதிவேடு. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசிப் பக்கத்தில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது.

எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத்தான் சீக்ரிட் பேசுவார். இந்தப் பதினொரு நாளும் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியக் கரையில், ஈரமும் வெப்பமும் சேர்ந்து தாங்கமுடியாமல் இருந்திருக்கிறது. உன் பண்ணையில் மட்டும் சாதாரண நாட்கள். அது எப்படி என்று கேட்டார்.

"வீட்டில் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. பதிவேடு அவருடைய மேசையில் கிடந்தது. யன்னலுக்கு வெளியே வழக்கமான மழை, வழக்கமான குளிர். எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வா என்றார். என் நோர்வே மொழியின் அழகு அவருக்குத் தெரியும். உலர்ந்தது என்பதற்கும் துணிவது என்பதற்கும் இந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே சொல். உயிரெழுத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் ஒன்று மற்றதாகிவிடும். முன்பொரு நாள் உலர்ந்த வெப்பமானியைப் பற்றி விளக்கப்போய், துணிந்த வெப்பமானி, துணிந்த வெப்பமானி என்று அரை மணித்தியாலம் சொல்லியிருக்கிறேன். அந்த மனுசி சிரிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தார்.

2

பதிவேடு எப்படி நோர்வேக்கு வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் இடம்பெயரும்போது சோற்றுப் பானைக்கு முதல் பைல் கட்டைத்தான் தூக்குவார்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, இடமாற்ற உத்தரவு, அவற்றோடு இந்தப் பதிவேட்டின் இரண்டாம் பிரதி. ஓய்வூதியத்துக்கு ஒருநாள் கேட்பார்கள் என்று தூக்கித் திரிந்தேன். அந்த ஓட்டத்தில் என் மனைவி தவத்தின் தையல் இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டோம். தவம் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சீக்ரிட்டின் மாடி நடையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் பழைய வெப்பமானிச் சோடி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் குமிழ் வெறும் கண்ணாடி. மற்றதன் குமிழைச் சுற்றி மெல்லிய துணி. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை அதைக் கண்டு, துடைக்கிற சீலையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்த சீக்ரிட், இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். திரி பழுது, மாற்றவேண்டும் என்று எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். அப்படித்தான் பழக்கமானோம்.

வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் கூடினால் மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை காயாது. வெயிலே படாமல் நிழலில் இருப்பவனுக்கும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வெப்பமானிக்கும் இடையில் பாகை வித்தியாசம் கூடுதலாக இருந்தால் காற்று உலர்ந்தது. வித்தியாசம் குறையக் குறைய ஆபத்து. அவருடைய வரைபடத்தில் எங்கள் வன்னி, யுத்தகாலம் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. "என்னிடம் இருக்கிறது" என்று நான் சொன்னபோது அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். என் வேலைக்காக ஒருவர் எழும்பி நின்றதை வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு அவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். எங்கள் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடக்கிறது. நான் வன்னியில் தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்றுதான் நிராகரித்தார்கள். இந்த மனிதர் ஒரு நாள்கூட விடாமல் அந்த இடத்தில் நின்று அளவெடுத்துக் கையொப்பம் வைத்திருக்கிறார் என்று சீக்ரிட் எழுதினார். அதை வாசித்த அன்றுதான் எங்கள் சட்டத்தரணி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மஞ்சள் தாள் ஒட்டியிருந்த அந்தப் பதினொரு நாளும் நான் அங்கே நிற்கவில்லை. அந்த அளவுகளை எடுத்தது வேறு ஆள். அதை மாற்றி எழுதியது நான்.

3

பண்ணையின் நடுவில் நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று நின்றது. பக்கமெல்லாம் காற்றுப் போகச் சரிவான பலகைகள், உள்ளே வெப்பமானிகள். ஊர்ச்சனம் அதைப் புறாக்கூடு என்றார்கள். கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பண்ணையில் நாட்கூலிக்கு வேலை செய்தன. அவர்களில் பொன்னுத்தாயியும் ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் "இஞ்சை வா, பொன்னுத்தாயி" என்பேன், அவர் "ஐயா" என்பார். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது இயல்பாகவே வந்தது.

ஈரவெப்பமானியின் குமிழில் சுற்றும் துணியை நாங்கள் திரி என்போம். திரியின் மற்ற நுனி சிறு கிண்ணத்துக்குள் தொங்கும். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கவேண்டும். பொருளாதாரத் தடைக்காலத்தில் கொழும்பிலிருந்து திரித்துணியும் வராது, வடித்த தண்ணீரும் வராது. மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்தேன், என் வேட்டியைக் கிழித்துத் திரி செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கிளிநொச்சியில் கூட்டம். சைக்கிளில் ஏறிக்கொண்டே, "பொன்னுத்தாயி, திரி காயப்போகுது, கிண்ணத்துக்கை ஊத்திவிடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். எதை ஊற்றுவது என்று சொல்லவில்லை.

வெள்ளைக் கூடு, உள்ளே கிண்ணம், கிண்ணத்தில் திரி, நாளோ வெள்ளிக்கிழமை. பொன்னுத்தாயி வீட்டிலிருந்த நல்லெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி, இரண்டு செவ்வரத்தம்பூவும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த நாட்களில் ஒரு கரண்டி எண்ணெய்க்கு என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் தண்ணீரைப் போலக் காயாது, குமிழைக் குளிர்விக்காது. இரண்டு வெப்பமானியும் ஒரே இலக்கத்தில் நின்றன. பண்ணையே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரும் மறந்த பிறகும் நான் விடவில்லை. "என்ன பொன்னுத்தாயி, இண்டைக்கு விளக்கேத்தேல்லையோ?" என்று மாதக்கணக்காகக் கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு நான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று பார்க்கத் தொடங்கினார். இரண்டும் கிட்ட வந்தால் வயலில் நிற்கிறவர்களுக்கு ஆபத்து என்று நான் சொன்னதையும் பிடித்துக்கொண்டார். ஒருநாள் நான் எழுதுமுன்னரே இலக்கத்தைச் சொன்னார். சரியாக இருந்தது.

4

என் மகள் நிலானிக்கு ஆறு வயதில் மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. முள்ளியவளையில் தெரிந்த ஒரு டொக்டர் பார்த்துவிட்டு, வவுனியாவுக்குக் கொண்டுபோனால் தப்பலாம் என்றார். வன்னியை விட்டு வெளியேற இயக்கத்திடம் ஒரு பாஸ், வவுனியாவுக்குள் நுழைய ஆமியிடம் ஒரு பாஸ். நான் திரும்பி வருவேன் என்பதற்குப் பிணையாகத் தவம் வீட்டில் நிற்கவேண்டும். பாஸ் கிடைத்த காலையில் பொன்னுத்தாயியிடம் பெட்டித் திறப்பையும் மழைத்தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்தேன்.

"காலமை எட்டரை, பின்னேரம் மூண்டரை. பாத்து ஒரு துண்டிலை எழுதி வை. நான் வந்து பதிவேட்டிலை ஏத்திறன். ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"சரிங்க ஐயா. நீங்க பாப்பாவ நல்லபடியா கூட்டியாந்துருங்க."

நியமனம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் அளவெடுக்கக்கூடாது என்பது விதி. கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஒருவரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஷெல் விழுந்த நாளிலும் கட்டம் வெறுமையாக விடாதவன் என்று எனக்கொரு திமிர் இருந்தது.

நிலானி நாலாம் நாள் கண் திறந்தாள். பதினோராம் நாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, வீட்டில் விட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனேன். பொன்னுத்தாயியின் புருசன் ராமையா மூன்று நாளைக்கு முன் வயலில் விழுந்து செத்துப்போனார் என்று வாசலிலேயே சொன்னார்கள். சிறுபோகக் களைபிடுங்கல். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை, இலைகூட அசையவில்லையாம். பொன்னுத்தாயி மூன்றரை மணி அளவை எடுத்துவிட்டு ஓடிப்போய், இரண்டும் கிட்ட வந்துவிட்டது, ஆட்களைக் கரையேற்றுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னாராம். நீ என்ன பெரிய ஐயாவோ என்று அந்த மனிதர் சிரித்தாராம். பாத்தி முடியுமுன் ராமையா விழுந்துவிட்டார். உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன வழியிலேயே உயிர் போய்விட்டது.

அளவு எழுதிய துண்டு பெட்டிக்குள் ஒரு கல்லின் கீழ் இருந்தது. கலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து. பின்னேர அளவுகளில் இரண்டு வெப்பமானிக்கும் இடையில் நாலு பாகைதான் வித்தியாசம். அந்த மணித்தியாலத்தில் எங்களுக்கு ஏழு, எட்டு இருப்பது வழக்கம். கண்டவுடனேயே முடிவு கட்டிவிட்டேன், இவள் திரும்பவும் எண்ணெய் விட்டுவிட்டாள் என்று. ஈரவெப்பமானியின் அளவு ஒவ்வொன்றிலும் மூன்று பாகை கழித்துப் பதிவேட்டில் ஏற்றினேன். ராமையா செத்த மறுநாள் மட்டும் துண்டில் ஒன்றும் இல்லை. அன்று செத்தவீடு. அதற்கு அடுத்த நாள் மறுபடி இலக்கங்கள் இருந்தன. எப்படித்தான் எழும்பி வந்தாரோ என்று நான் யோசிக்கவில்லை. வெறுமையாக இருந்த இரண்டு கட்டத்துக்கும் மனதில் வந்த இலக்கத்தைப் போட்டு நிரப்பினேன். பதினொரு நாளுக்கும் கையொப்பம் வைத்தேன். துண்டைக் கிழித்தெறிந்தேன்.

5

இங்கே வந்தபோது, வவுனியாவுக்குப் போய்த் திரும்பியதைச் சொல்லாதே என்று எங்களுக்கு முதலே இங்கே வந்தவர் ஒருவர் புத்தி சொன்னார். அரசாங்கப் பக்கத்துக்குப் போனவன் ஏன் அங்கேயே நிற்கவில்லை என்று கேட்பார்களாம். விசாரணையில், வன்னியை விட்டு ஒருநாளும் வெளியேறவில்லை என்று சொன்னேன். சீக்ரிட்டின் கடிதம் அதற்குச் சாட்சியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து தவத்திடம் எல்லாம் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப உதை ஏன் கிளறுறியள்? எப்பவோ அடிச்ச வெக்கை. ஆருக்கு என்ன?"

"அந்த மனுசி அதை வைச்சுத்தான் எழுதப்போகுது, தவம். எங்கட பக்கத்திலை ஆபத்தான வெக்கை இல்லை எண்டு எழுதுவினம்."

"எழுதட்டும். உங்கட கையெழுத்துப் பொய்யெண்டால் கடிதமும் பொய். கடிதம் பொய்யெண்டால் நாங்கள் மூண்டு பேரும் கொழும்பிலை போய் இறங்கவேணும். பிள்ளையை யோசிச்சனீங்களோ?"

தவம் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, பிழை இல்லாததால்தான் வந்தது. மூன்று வருடமாக ஒரு கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக் களைத்துப்போன மனிதர்கள் நாங்கள்.

பிள்ளைக்கு இப்போது பதினாலு வயது. காதில் பாட்டுக் கருவியோடு அறைக்குள் இருப்பாள். தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில் வரும். தமிழை இப்போது "உங்கட பாசை" என்கிறாள். வெயில் கொஞ்சம் அடித்தாலே சிநேகிதிகளோடு புல்லில் போய்க் கிடந்து, சூடு தாங்கேலாது என்கிறாள். வெள்ளிக்கிழமை வரவேண்டும் என்று சொன்னதற்கு, "எனக்கு நீச்சல் இருக்கு, எவ்வளவு நேரம் செல்லும்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை போகும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

6

சீக்ரிட் முதலில் பதிவேட்டின் குறிப்பு நிரலில் இருந்துதான் தொடங்கினார். சில நாட்களில் "வெக்கை" என்றும் சில நாட்களில் "அவிச்சல்" என்றும் எழுதியிருக்கிறதே, என்ன வித்தியாசம் என்று கேட்டார். நிலானி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் சூடுதானே அப்பா?"

"இல்லைப் பிள்ளை. வெக்கை எண்டால் அடுப்புக்கு முன்னாலை நிக்கிற மாதிரி. அவிச்சல் எண்டால் நெல்லவிக்கிற கிடாரத்துக்குள்ளை நிக்கிற மாதிரி."

நிலானி கையை விரித்து ஒரு பெரிய பாத்திரம் காட்டி, நீராவி காட்டி, எப்படியோ விளங்கப்படுத்தினாள். சீக்ரிட் உற்சாகமாகிவிட்டார். எங்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் இல்லை, நான் இவ்வளவு காலம் ஆராய்வது அந்தச் சொல்லைத்தான் என்றார். பிறகு மஞ்சள் தாளில் விரலை வைத்து, இந்தப் பதினொரு நாளிலும் இரண்டு சொல்லும் இல்லையே, ஏன் என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். எண்ணெயில் இருந்து தொடங்கி, பாஸ், ஆஸ்பத்திரி, துண்டு, கழித்த மூன்று பாகை வரை. நிலானி ஒவ்வொரு வசனமாக மாற்றிக்கொண்டு வந்தவள் இடையில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது யூக்ஸ்."

பள்ளிக்கூடத்தில் சோதனையில் பார்த்து எழுதுவதற்கு அவர்கள் சொல்லும் சொல்.

"ஓம். அதேதான். அப்பிடியே சொல்லு."

"அந்த வருத்தக்காரப் பிள்ளை நானோ?"

"ஓம்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

நான் பதிவேட்டில் அடுத்த கட்டத்தைக் காட்டினேன். அவள் மிச்சத்தையும் மாற்றிச் சொன்னாள். ராமையா விழுந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

சீக்ரிட் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளில் இரண்டு வெப்பமானி கீறினார். எண்ணெய் என்றால் இரண்டும் ஒரே இலக்கத்தில் நின்றிருக்கும், நாலு பாகை வித்தியாசம் இருந்ததென்றால் திரியில் தண்ணீர்தான் இருந்தது என்றார். இதைச் சொல்ல எனக்கொரு விஞ்ஞானி தேவையில்லை. பயிற்சியில் முதல் கிழமை படித்தது, அந்த வெள்ளிக்கிழமை கண்ணாலும் கண்டது. அதே இலக்கங்களை நான் வாசித்திருந்தால் நம்பியிருப்பேன். பொன்னுத்தாயி எழுதியதால் நம்பவில்லை. எட்டு வருடமாக எண்ணெயைச் சாட்டிக்கொண்டிருந்தேன், வெட்கம்கெட்டவன்.

எல்லாவற்றிலும் சரியாக மூன்றுதான் கழித்தாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் மூன்றைக் கூட்டலாம், அந்த இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விடலாம், எடுத்தவரின் பெயரைச் சொல் என்றார். நிலானி எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் சீக்ரிட், உன் கடிதத்தை இனி நான் அப்படியே விடமுடியாது, அது உனக்குத் தெரியும்தானே என்றார்.

"தெரியும் எண்டு சொல்லு" என்றேன்.

7

சட்டத்தரணி தொலைபேசியில் பத்து நிமிடம் கத்தினார். நிலானி அதில் ஒரு வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள்: "முதலிலேயே சொல்லியிருக்கலாமாம்." புது வாக்குமூலம் போயிருக்கிறது. ஏன் வவுனியாவில் நிற்காமல் திரும்பினீர்கள் என்ற கேள்விக்கு, மனைவி பிணையாக நின்றாள் என்று எழுதியிருக்கிறோம். அதை நம்புவார்களோ என்னவோ. தவம் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

நேற்று சீக்ரிட் திருத்திய அட்டவணையைத் தந்தார். நான் எழுதிய அத்தனை வருடத்திலும் மிக மோசமான மணித்தியாலம், ராமையா விழுந்த அந்தப் பின்னேரம் மூன்றரை மணிதானாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிலானி காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, தான் எழுதினது சரியெண்டு அந்த அன்ரிக்குத் தெரியுமோ?"

தெரியாது. சண்டையில் பண்ணையும் போய், அந்தக் குடும்பங்களும் எந்தப் பக்கம் போயினவோ, பொன்னுத்தாயி உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. ஆனால் வவுனியாவிலிருந்து திரும்பிய அன்றைக்கு, நான் பதிவேட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது, பொன்னுத்தாயி வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றார். முதலில் நிலானியைத்தான் விசாரித்தார்.

"பாப்பாவுக்கு சொகமாயிருச்சுங்களா?"

"ஓம், சுகம்."

"நான் எழுதுனது சரிங்களா ஐயா?"

"எல்லாம் பிழை, பொன்னுத்தாயி. திரும்பவும் எண்ணெய் விட்டிட்டாய் போல. நான் திருத்திப்போட்டன். அப்பிடியொண்டும் பெரிய அவிச்சல் இல்லை."

"எண்ண ஊத்தலைங்களே" என்றார், எனக்குக் கேட்டும் கேட்காத மெல்லிய குரலில். வயல் பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு எதுனாலங்க போனாரு?"

காய்ச்சலாயிருக்கும் என்று சொன்னேன்.